மரவாழையும் எப்பிடெண்ட்ரமும்: பெயர்கள் சென்றன, பெயரிடும் இலக்கணம் நின்றுவிட்டது

1675ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாளிட்டு, கொச்சியில் ஒரு சான்றுரை எழுதப்பட்டது. எழுதியவர் இட்டி அச்சுதன். கரப்புறத்தில் கொல்லாட்டு என்னும் வீட்டில் பிறந்த ஈழவ வைத்தியர். டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் மலபார் ஆளுநர் ஹென்ட்ரிக் வான் ரீடின் ஆணைப்படி தாம் வந்ததையும், மரம், செடி, கொடிகளின் பெயர்களையும் மருத்துவக் குணங்களையும் தம் ஏட்டில் உள்ளபடியும் கைக்கண்ட அனுபவப்படியும் சொல்லி எழுதச் செய்ததையும் அவர் அதில் உறுதி செய்கிறார். எழுத்து கோலெழுத்து, வட்டெழுத்தின் வழிவந்தது. மூன்றாண்டுகள் கழித்து ஆம்ஸ்டர்டாமில் ஹோர்டஸ் மலபாரிகஸ் நூலின் முதல் தொகுதி அச்சேறியபோது அந்தச் சான்றுரை அதன் மூல எழுத்திலேயே இடம்பெற்றது. மொழிபெயர்ப்பாளர் இம்மானுவல் கர்னெய்ரோவின் சான்று ஆரிய எழுத்திலும், ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்னும் கொங்கணி வைத்தியர் மூவரின் சான்று நாகரியிலும் உடன் உள்ளன.

1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த அந்நூல் 742 தாவரங்களை விவரிக்கிறது. பெரிய தாள்களில் ஏறத்தாழ 790 செப்புத்தகட்டுப் படங்கள். மலையாளத்தில் சொல்லப்பட்டது போர்த்துகீசியத்துக்குப் போய், இறுதியில் லத்தீனாயிற்று. படங்களின் மேல் தாவரத்தின் பெயர் லத்தீன், ஆரிய எழுத்து, அரபு, நாகரி ஆகிய வரிவடிவங்களில் பொறிக்கப்பட்டிருக்கிறது. மொழியியல் பயின்றவர்களுக்கு இது தாவரவியல் நூல் என்பதைவிட, பதினேழாம் நூற்றாண்டு மலபாரின் ஒலியையும் சொல்லாக்கத்தையும் அந்நிய காது எவ்வாறு கேட்டது என்பதற்கான ஆவணம்.

இந்நூலைப் பற்றி இணையத்தில் ஒரு கூற்று பரவலாக உலவுகிறது: லின்னேயஸ் தம் இருசொற்பெயரீட்டு முறையை மலபாரிலிருந்தே எடுத்துக்கொண்டார், இட்டி அச்சுதனே அதன் உண்மையான தந்தை. இதற்குப் பின்னால் கவனமான ஓர் ஆய்வு இருக்கிறது. சூழலியல் வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் குரோவ், 1995இல் வெளிவந்த பசுமை ஏகாதிபத்தியம் பற்றிய தம் நூலில், ஹோர்டஸ் மலபாரிகஸின் உள்ளமைப்பு ஈழவ வைத்திய மரபின் வகைப்பாட்டைத் தழுவியது என்றும், அதன் தாக்கம் பிற்கால ஐரோப்பியத் தாவரவியலில் தொடர்ந்தது என்றும் வாதிட்டார். அவ்வாதம் பகிர்வுகளின் வழியே சுருங்கிச் சுருங்கி ‘திருட்டு’ என்ற ஒற்றைச் சொல்லில் வந்து நிற்கிறது. அச்சொல் வரலாற்றைத் தவறாகக் காட்டுகிறது என்பது என் கருத்து. மலபாரிலிருந்து ஐரோப்பாவுக்குப் பெயர்கள் சென்றன. அவற்றைப் பிறப்பித்த இலக்கணம் செல்லவில்லை. இழப்பு அங்கேதான் நேர்ந்தது.

அந்த இலக்கணம் எத்தகையது? பனைகளைப் பார்ப்போம். நூலில் கரிம்-பன, அம்-பன, சுண்ட-பன, கொட்ட-பன்ன, தொட்ட-பன்ன எனப் பல பெயர்கள் உள்ளன. எல்லாவற்றிலும் தலைச்சொல் ‘பன’, அதாவது நம் பனை. முன்னால் நிற்பது அடை. கரிம்பன என்பது கரும்பனை. அம்-பன என்பதை டச்சு எழுத்துக்கூட்டலிலிருந்து மீட்டால் ஆண்பன. நாம் இன்றும் ஆண்பனை என்கிறோம். இவை இரண்டும் ஒரே இனத்தின் பெண்மரமும் ஆண்மரமும். கொட்ட-பன்ன என்பது குடப்பன, குடைப்பனை. அதன் ஓலை குடையாகும் அளவு பெரிது. ஆனால் தென்னைக்குத் தெங்கு என்றும் கமுகுக்குக் கவுங்கு என்றும்தான் பெயர். இரண்டும் பனைக் குடும்பத்தவையே எனினும் அவற்றில் ‘பன’ இல்லை. அன்றாட வாழ்வில் மிக நெருங்கிய தாவரத்துக்குப் பிரிக்கவியலாத தனிச்சொல்லும், அதற்கு அடுத்த நெருக்கத்தில் உள்ளவற்றுக்கு அடையும் தலைச்சொல்லுமாகிய கூட்டுப்பெயரும் அமைவது இம்முறையின் இயல்பு.

இது மலபாருக்கு மட்டும் உரியதன்று. மெக்சிகோவின் செல்தால் மாயா மக்களின் தாவரப் பெயர்களை ஆராய்ந்து பிரெண்ட் பெர்லின், டென்னிஸ் பிரீட்லவ், பீட்டர் ரேவன் ஆகியோர் 1974இல் வெளியிட்ட நூலும், பெர்லின் 1992இல் வெளியிட்ட ஒப்பீட்டு நூலும் காட்டுவது இதுதான்: தொடர்பில்லாத பல மொழிகளில் மக்கள் உயிரினங்களுக்குப் பெயரிடும்போது, பொது வகைக்கு ஒரு சொல்லும் அதன் உட்பிரிவுக்கு அடை சேர்ந்த இருசொல்லும் திரும்பத் திரும்பத் தோன்றுகின்றன. நம்மிடம் நொச்சி, கருநொச்சி, வேம்பு, மலைவேம்பு. ஐரோப்பிய நாட்டுப்புற மொழிகளிலும் அப்படியே. லின்னேயஸுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன், 1623இல், காஸ்பர் பவுஹின் ஏறத்தாழ 6,000 தாவரங்களைத் தொகுத்த பினாக்ஸ் நூலிலும் இருசொற்பெயர்கள் ஏராளம். எனவே, இரண்டு சொல்லால் பெயரிடுவதை ஒருவர் இன்னொருவரிடம் திருட வேண்டிய தேவையே இல்லை. மனித மொழி அதைத் தானே செய்கிறது. (தொல்காப்பிய மரபியலில் புறக்காழ், அகக்காழ் கொண்டு புல்லும் மரமும் பிரிக்கப்பட்டதைப் பின்னூட்டத்தில் யாரேனும் நினைவூட்டக்கூடும். அறிவேன்; ஆயினும் அது வகைப்பாடு. இங்குப் பேசுவது பெயரின் அமைப்பு.)

அப்படியானால் லின்னேயஸ் செய்தது என்ன? 1753இல் வெளிவந்த ஸ்பீசீஸ் பிளான்டாரும் நூலில் தக்காளியைத் தேடினால், அதன் முறையான பெயராக அவர் தருவது ஒரு நீண்ட தொடர்: முள்ளற்ற மென்தண்டும், இறகுபோல் பிரிந்து வெட்டுண்ட இலைகளும், கிளைக்காத பூங்கொத்துகளும் உடைய சொலானம். இதுவே அவருக்குப் ‘பெயர்’. பக்க ஓரத்தில், நினைவில் கொள்ள வசதியாக, லைக்கோபெர்சிக்கம் என்று ஒரு சொல். அதை அவர் சாதாரணப் பெயர் என்றே அழைத்தார். இந்த ஓரக்குறிப்பே பின்னர் அறிவியற்பெயராயிற்று.

இது ஏன் முக்கியம்? தொடர்ப்பெயருக்கு இரண்டு வேலைகள் இருந்தன: தாவரத்தைச் சுட்டுவது, பிற தாவரங்களிலிருந்து அதை வேறுபடுத்தி விவரிப்பது. புதிய இனம் ஒன்று கண்டறியப்படும்போதெல்லாம் பழைய விவரிப்பு போதாமல் போகும்; பெயர் நீளும் அல்லது மாறும். ஓரக்குறிப்புச் சொல்லுக்கு இந்தச் சுமை இல்லை. அது விவரிக்க வேண்டியதில்லை. உண்மையாக இருக்கவேண்டியதுகூட இல்லை. மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் ஒரு பூண்டுக்கு லின்னேயஸ் சில்லா பெருவியானா என்று பெயர் வைத்தார். அதற்கும் பெரு நாட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பெயர் இன்றும் செல்லும். சுட்டுவதை விவரிப்பதிலிருந்து பிரித்ததே லின்னேயஸ் முறையின் புதுமை. பொருள் தரவேண்டிய கடமையிலிருந்து பெயர் அங்கே விடுவிக்கப்பட்டது.

மலபார்ப் பெயர்களோ பொருள் தருபவை. இவ்விரு முறைகளும் சந்தித்தபோது நடந்ததை அந்தந்தத் தாவரத்தின் வழியேதான் காணமுடியும்.

பன்னிரண்டாம் தொகுதியின் தொடக்கத்திலேயே அன்செலி மரவரா என்றொரு தாவரம் படத்துடன் இடம்பெறுகிறது. டச்சுக் காதுக்கும் பேனாவுக்கும் அகப்படாத நம் ழகரம் இங்கே ரகரமாகியிருக்கிறது. மீட்டெடுத்தால்: ஆஞ்ஞிலி மரவாழ. மரவாழ என்பது மரவாழை. மரத்தின்மேல் தொற்றி வளரும் ஆர்க்கிட்களுக்கு மலையாளத்தில் இன்றும் வழங்கும் பொதுப்பெயர். ஆஞ்ஞிலி என்பது குமரி மாவட்டத்தார் அயனி என்னும் மரம். ஆக, அயனிமேல் வளரும் மரவாழை. அதே தொகுதியில் பீட்டி-மரம்-மரவரா உண்டு. ஈட்டி மரத்தின்மேல் வளர்வது. பொன்னாம்பூ மரவரா உண்டு, பொன்னிறப் பூவுடையது. தலைச்சொல் வாழ்முறையைச் சொல்கிறது. அடை, எங்கே தேடுவது அல்லது எதைக்கொண்டு அடையாளம் காண்பது என்பதைச் சொல்கிறது. மருந்துக்காகக் காட்டுக்குள் செல்பவனுக்கு இதைவிடச் சுருக்கமான வழிகாட்டி வேறில்லை.

லின்னேயஸிடம் இச்செடியின் உலர்மாதிரி இல்லை. வான் ரீடின் படத்தையும் விவரிப்பையும் கொண்டே 1753இல் இதற்கு எப்பிடெண்ட்ரம் ரெடூசம் என்று பெயரிட்டார். எப்பிடெண்ட்ரம் என்னும் கிரேக்கச் சொல்லாக்கத்தின் பொருள் ‘மரத்தின்மேல்’. மலபாரின் மரவாழையும் லின்னேயஸின் எப்பிடெண்ட்ரமும் ஏறக்குறைய ஒரே கருத்து; இரண்டும் வாழ்முறையால் அமைந்த வகை. அடைச்சொல்தான் மாறிவிட்டது. ரெடூசம் என்றால் முனை மழுங்கி உட்குழிந்தது. மரத்தின் பெயர் நின்ற இடத்தில் இலைநுனியின் வடிவம் வந்து அமர்ந்தது. உப்சாலாவில் இருந்த லின்னேயஸுக்கு அயனியால் பயனில்லை. தாளில் அச்சான இலையின் நுனி கண்முன் இருந்தது. பெயரிடுபவர் எங்கிருந்து பார்க்கிறார் என்பது பெயரிலேயே பதிந்துவிடுகிறது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 1825இல் பிளூமே இதை ரின்கோஸ்டைலிஸ் என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றினார். மரத்தின்மேல் வளர்வன எல்லாவற்றையும் ஒரே பேரினத்தில் அடைப்பது பூவின் அமைப்போடு பொருந்தாது என்பது தெளிவாகிக் கொண்டிருந்தது. எப்பிடெண்ட்ரம் இன்று அமெரிக்கக் கண்டங்களின் ஆர்க்கிட்களுக்கு மட்டுமே உரிய பெயர். ரின்கோஸ்டைலிஸ் ரெடூசா என்பதே நம் செடியின் இன்றைய பெயர். அசாமியர் இதைக் கோபோ பூ என்பர். பிஹு நடனத்தில் பெண்கள் கூந்தலில் சூடுவது. அம்மாநிலத்தின் மாநில மலர். ஆலப்புழை வட்டாரத்து வைத்தியரின் வாயிலிருந்து கிளம்பிய செடிக்குப் பிரம்மபுத்திரா கரையில் வேறொரு பெயரும் வேறொரு பயனும் இருப்பதை அறிவியற்பெயர் இணைத்துக் காட்டுகிறது. இதற்காகவே அம்முறை உண்டானது. அதை மறுப்பது வீண்.

மறுதலையாகவும் ஒரு சான்று உண்டு. தொட்ட-பன்ன எனப்பட்டது இன்று சைகஸ் சிர்சினாலிஸ். மலபார் மக்கள் அதைப் பனையாகக் கருதினர். நெடிய அடிமரமும் உச்சியில் இலைக்கொத்தும் கண்டால் எவரும் அப்படித்தான் கருதுவர். ஆனால் அது பனையே அன்று. பூக்காத, திறந்தவிதைத் தாவரம். பைன் மரங்களுக்கே நெருங்கிய உறவு. இதை ‘நாட்டார் அறிவின் பிழை’ என்று எடுத்துக்காட்ட விரும்புவோர் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். லின்னேயஸ் தாவரங்களைப் பூவின் மகரந்தத்தாள் எண்ணிக்கை முதலியவற்றைக்கொண்டு 24 வகுப்புகளாகப் பிரித்தவர். 1753இல் பனைகளை அந்த வகுப்புகளுக்குள் அவரால் பொருத்த இயலவில்லை. நூலின் இறுதியில் ‘பனைகள்’ என்று தனிப் பின்னிணைப்பாக வைத்தார். அந்தப் பின்னிணைப்பில் பனையும் குடைப்பனையும் தென்னையும் கமுகும் உள்ளன. அவற்றினிடையே சைகஸும் உள்ளது. கொச்சியிலும் உப்சாலாவிலும் கண் ஒரேவிதமாகத்தான் பார்த்தது. குடைப்பனைக்கு லின்னேயஸ் வைத்த பெயர் கோரிஃபா உம்ப்ராகுலிஃபெரா. அந்த அடைக்குக் ‘குடை தாங்கி’ என்று பொருள். பொருள் கடல் தாண்டிப் பிழைத்த அரிய இடம் இது.

சரி, ஒலி? பெயரின் ஓசையாவது பிழைத்ததா? லின்னேயஸ் இதில் கண்டிப்பானவர். கிரேக்க, லத்தீன் வேரில்லாத பேரினப்பெயர்களை விலக்கவேண்டும் என்று 1730களிலேயே விதித்தார். அவற்றை அவர் குறித்த சொல் ‘காட்டுமிராண்டிப் பெயர்கள்’. ஆயினும் விதியை அவரே முழுதாகக் காக்கவில்லை. பசலைக்கீரையின் பேரினம் பசெல்லா. ஹோர்டஸ் மலபாரிகஸில் இருந்தபடியே எடுத்துக்கொண்டது. கமுகின் பேரினம் அரெக்கா. அடக்க, அடைக்காய் என்பது போர்த்துகீசியர் வாயில் திரிந்த வடிவம். மாவின் பேரினமாகிய மாஞ்சிஃபெரா என்பதில் நம் மாங்காயோடு லத்தீன் விகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாழையின் மூசா இன்னும் வேடிக்கை. அரபு மொழியின் மௌஸ் என்ற சொல் அதற்குள் வெளிப்படையாகவே தெரிகிறது; ஆனால் விதிக்கு உட்படுத்த, அகஸ்டஸின் மருத்துவர் அன்டோனியுஸ் மூசாவின் நினைவாக வைத்தது என்றொரு விளக்கம் கைகொடுத்தது. சொற்பிறப்பியலைச் சட்டத்துக்கு வளைத்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை வகுப்பறையில் காட்டமுடியாது.

விதியையே எதிர்த்தவர் மிஷேல் அடான்சன். செனகலில் சில ஆண்டுகள் பணியாற்றிய பிரெஞ்சு இயற்கையாளர். தாவரத்துக்கு அது வளரும் நாட்டில் உள்ள பெயரே போதும் என்பது அவர் கொள்கை. 1763இல் வெளியிட்ட தம் நூலில் ஹோர்டஸ் மலபாரிகஸிலிருந்து பல பெயர்களை அப்படியே பேரினப்பெயராக்கினார். பொங்கம் என்று அதில் இருந்ததை எடுத்துக்கொண்டார். அது பிற்பாடு லத்தீன் விகுதி பெற்றுப் பொங்காமியா ஆயிற்று. நம் புங்கமரம். (லின்னேயஸ் ஆப்பிரிக்கப் பெருமரம் ஒன்றுக்கு அடான்சனைச் சிறப்பித்து அடான்சோனியா என்று பெயர் வைத்தார். அடான்சன் தம் நூலில் அதைப் பாவோபாப் என்றே எழுதினார். தம் பெயரை மறுத்து மரத்தின் பெயரை ஆதரித்தவர்கள் தாவரவியலில் மிகச்சிலரே.)

ஆனால் அடான்சனின் நல்லெண்ணமும் இலக்கணத்தைக் காக்கவில்லை. அவர் எடுத்த இன்னொரு பெயர் மணில்-கார. மலையாளத்தில் கார என்பது தலைச்சொல், மணில் என்பது அடை. குடப்பன போலவே ஓர் உட்பிரிவின் பெயர். அடான்சன் இரண்டையும் ஒட்டி மணில்காரா என்ற ஒற்றைப் பேரினமாக்கினார். அடையும் தலையும் கரைந்துபோய் வெறும் ஓசை மிஞ்சியது. அந்த ஓசையின் கீழ்ப் பிற்காலத்தில் புதிய அடைகள் வந்து சேர்ந்தன. நாம் சப்போட்டா என்று வாங்கி உண்ணும் மெக்சிகோப் பழத்தின் அறிவியற்பெயர் இன்று மணில்காரா சப்போட்டா: முதற்சொல் மலபாருடையது, இரண்டாஞ்சொல்லின் வேர் மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் உள்ளது. அம்மரத்தை இட்டி அச்சுதன் பார்த்திருந்தால் கார என்று சொல்லியிருப்பாரா என்ற கேள்விக்கு அறிவியற்பெயரில் இடமே இல்லை.

அடான்சனுக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின், வங்காளத்திலிருந்து இன்னொருவர் இதே வழக்கை எடுத்தார். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் பொதுமூலத்திலிருந்து கிளைத்தவை என்று 1786இல் உரையாற்றி, ஒப்பியல் மொழியியலின் வாசலைத் திறந்த வில்லியம் ஜோன்ஸ். இந்தியத் தாவரங்களுக்கு இந்தியப் பெயர்களே வேண்டும். இந்நாட்டின் தொன்மொழி தெரிந்திருந்தால் லின்னேயஸும் அவற்றையே ஏற்றிருப்பார் என்பது அவர் வாதம். ஆட்களின் பெயரைத் தாவரங்களுக்குச் சூட்டுவதையும் அவர் விரும்பவில்லை. விளைவு? அவர் இறந்த மறு ஆண்டு, 1795இல், அசோக மரத்துக்கு ராக்ஸ்பர்க் ஜோனேசியா அசோகா என்று பெயரிட்டு அவரையே கௌரவித்தார்! பின்னர் ஜோனேசியா சராகா என்னும் பேரினத்துள் அடங்கிவிட்டது. இன்று சராகா அசோகா. ஜோன்ஸின் பெயர் மறைந்து, அவர் விரும்பிய பெயர் அடையாக நிலைத்துவிட்டதை அவர் வருந்தியிருக்கமாட்டார்.

ஜோன்ஸைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அவர் கேட்ட ‘இந்தியப் பெயர்’ சமஸ்கிருதப் பெயர். வைத்தியரும் மரமேறிகளும் பேசும் மொழிப் பெயர்கள் அவர் கணக்கில் கீழ்நிலையில்தான் இருந்தன. ஒரு தொன்மொழியின் ஆதிக்கத்தை எதிர்க்க இன்னொரு தொன்மொழி. இந்தச் சாய்வு இன்றும் விடவில்லை. மேற்குத்தொடர்ச்சி மலையில் நிலத்தடியில் வாழும் ஊதாநிறத் தவளையை 2003இல் பிஜுவும் பொசூட்டும் நாசிகாபட்ராகஸ் சஹ்யாத்ரென்சிஸ் என்று பெயரிட்டு விவரித்தனர். மூக்குக்குச் சமஸ்கிருதம், தவளைக்குக் கிரேக்கம், மலைக்கு மீண்டும் சமஸ்கிருதம். இந்திய உயிரினத்துக்கு இந்தியச் சொல் என்ற அளவில் மகிழலாம். ஆனால் அம்மலையில் வாழ்வோருக்கு அத்தவளை முன்பே தெரியும். அவர்கள் சொல் அறிவியற்பெயரில் இல்லை. குறை அந்த ஆய்வாளர்களுடையதன்று. இந்திய அறிவியலாளர்க்குப் ‘பெயர்’ என்றதும் நாக்கு தானாகச் செல்லும் திசை அது.

நினைவுச்சின்னங்களின் கதி இன்னும் கூர்மையானது. வான் ரீடைச் சிறப்பிக்கப் புளூமியே அமைத்த பெயரைச் சுருக்கி ரீடியா என்ற பேரினத்தை லின்னேயஸ் 1753இல் நிறுவினார். அதன் செடிகள் மலபாருடையவை அல்ல, அமெரிக்க வெப்பமண்டலத்தவை. இட்டி அச்சுதனைச் சிறப்பிக்கப் பிளூமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அச்சுதேமியா என்ற பேரினத்தை நிறுவினார். அதன் செடி ஜாவாவுடையது. ரீடியா இன்று கார்சினியாவுக்குள் அடக்கம். அச்சுதேமியா நெடுங்காலம் பைலியாவுக்குள் அடக்கப்பட்டிருந்தது. ஆளுநரும் வைத்தியரும் இணைப்பெயர்ப் பட்டியலில் ஒரே தட்டில் கிடந்தார்கள். கொச்சியில் அவர்களுக்கு வாய்க்காத சமத்துவம்!

இத்தனைக்குப் பிறகும் மலபாரிலிருந்து போனவற்றுள் அசையாமல் நிற்பது ஒன்று உண்டு: படங்கள். தாவரப் பெயரீட்டு விதித்தொகுப்பின்படி ஒவ்வொரு பெயரும் ஒரு மூலவகைக்குக் கட்டுப்பட்டது. விவரிப்பு திருத்தப்படலாம், பேரினம் மாறலாம். அந்த மூலவகை எந்த இனத்தைச் சேர்ந்ததோ அங்கேதான் பெயரும் நிற்கும். பெரும்பாலும் அது உலர்மாதிரியாக இருக்கும். லின்னேயஸ் உலர்மாதிரி இல்லாமல் வான் ரீடின் படத்தைக்கொண்டே பெயரிட்ட இடங்களில், பல இனங்களுக்கு அந்தப் படமே மூலவகை. அன்செலி மரவரா, குடப்பன, தொட்ட-பன்ன ஆகியவற்றுக்கு அவ்வாறே. உலகின் எந்த மூலையில் எவர் கோரிஃபா உம்ப்ராகுலிஃபெரா என்று எழுதினாலும், சட்டப்படி அப்பெயர் சுட்டுவது பதினேழாம் நூற்றாண்டில் மலபாரில் வரையப்பட்ட ஒரு மரத்தை. அப்படத்தின் உச்சியில் மலையாள எழுத்தில் ஒரு பெயர் இருக்கிறது. விதித்தொகுப்பின் கண்ணுக்கு அது தெரியாது.

இப்போது நடக்கும் விவாதத்துக்கு வருவோம். 2024 ஜூலையில் மட்ரிட் நகரில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டின் பெயரீட்டுப் பிரிவு, ஆப்பிரிக்கக் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் காஃப்ரா என்ற அடையும் அதன் வகைகளும் கொண்ட இருநூறுக்கு மேற்பட்ட பெயர்களை அஃப்ரா என மாற்றுவதென வாக்களித்தது. பொருளைக் காரணம் காட்டி நிலைத்த பெயர்களை மாற்றியது பெரிய திருப்பம். இதற்கு முன்பே, 2020இல், பூர்வகுடிகளின் பெயர்களை அறிவியற்பெயர்களாக மீட்கலாம் என்று நியூசிலாந்திலிருந்து கில்மனும் ரைட்டும் முன்மொழிந்திருந்தனர். இழிசொல்லை நீக்கியது சரியே. அதில் எனக்கு ஐயமில்லை. மீட்புத் திட்டத்தில்தான் ஐயம். ரின்கோஸ்டைலிஸ் ரெடூசாவை எடுத்துவிட்டு ஆஞ்ஞிலிமரவாழா என்று ஏதோ ஒன்றை வைத்தால், கோபோ என்னும் அசாமியரும் தம் மொழிப்பெயர் கொண்ட பிறரும் என்ன சொல்வர்? பத்து மொழிகளில் பெயருள்ள செடிக்கு எந்த மொழியின் பெயர் ‘பூர்வ’ப் பெயர்? அதைவிட அடிப்படையான தடை மேலே கண்டதுதான். மணில்காராவுக்கு நேர்ந்ததே மீண்டும் நேரும். ஓசை ஏறும்; அமைப்பு ஏறாது. விதித்தொகுப்பு இன்று பெயரின் மூலம் எந்த மொழியாகவும் இருக்கலாம் என்கிறது. 2012 முதல் புதிய இனத்தின் விவரிப்புக்கு லத்தீனும் கட்டாயமில்லை. வாசலில் தடையில்லை. ஆனால் அந்த வீட்டின் அறைகள் மரவாழையின் இலக்கணத்துக்காகக் கட்டப்பட்டவை அல்ல.

செய்யத்தக்கது எது என்பதற்குக் கே. எஸ். மணிலாலின் பணி ஒரு விடை. கோழிக்கோடு பல்கலைக்கழகத்துத் தாவரவியல் பேராசிரியரான அவர், பன்னிரண்டு தொகுதிகளின் லத்தீனையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவரப் பல பத்தாண்டுகளைச் செலவிட்டார். தாவரங்களைக் களத்தில் மீண்டும் தேடி, சேகரித்து, அடையாளம் கண்டார். கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் ஆங்கிலப் பதிப்பையும் 2008இல் மலையாளப் பதிப்பையும் வெளியிட்டது. மலையாளத்தில் சொல்லப்பட்டது மலையாளத்துக்குத் திரும்ப 330 ஆண்டுகள் ஆயின. அந்தப் பதிப்புகள் கையில் இருந்தும், பெயர்களின் அமைப்பை, எந்தத் தலைச்சொல் எத்தனை அடைகளை ஏற்கிறது, அடைகள் நிறத்தைச் சொல்கின்றனவா வாழிடத்தைச் சொல்கின்றனவா பாலைச் சொல்கின்றனவா என்பதைத் தொகுதி தொகுதியாக ஆராய நம் மொழியியல் துறைகளில் போதிய ஆர்வம் எழவில்லை. தாவரவியலார் அடையாளம் காண்பதோடு நிறுத்திக்கொள்கின்றனர். நாம் அதைத் தாவரவியல் என்று விலக்கிவைக்கிறோம்.

களப்பணிக்குச் செல்லும் மாணவர்களிடம் கேட்பது ஒன்றுதான். உலர்தாவர அட்டையில் ‘வட்டாரப் பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெரும்பாலான அட்டைகளில் அது காலி. அல்லது ரோமன் எழுத்தில், எந்த மொழி, எந்த ஊர், சொன்னவர் எந்தத் தொழில் செய்பவர் என்ற குறிப்பின்றி ஒரே சொல். வான் ரீடின் பக்கங்களில் பெயர் அதன் எழுத்திலேயே இருக்கிறது. சொன்னவரின் ஊரும் வீடும் இருக்கின்றன. சொன்ன நாளும் இருக்கிறது. அடுத்தமுறை ஒருவர் ‘மரவாழை’ என்று சொன்னால், எந்த மரத்தின் மரவாழை என்று கேட்டு, அவர் சொன்ன எழுத்திலேயே முழுப்பெயரையும் அந்தக் கட்டத்தில் எழுதிவையுங்கள்.